சிங்கப்பூருக்கு விடுமுறையில் வருவோர் தொழில்முறை கோல்ஃப் போட்டியை நேரில் காண ஒரு முழுமையான வழிகாட்டி

செந்தோசாத் தீவில் நான் முதன்முறையாகப் பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றோரம் நின்று கோல்ஃப் பார்த்த காலையில், ஆட்டக்காரர் ஒருவர் தம் மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளருடன் காற்றின் திசையைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். ஏழாம் எண் மட்டையா, எட்டாம் எண் மட்டையா என்பதுதான் பேச்சு. உதவியாளர் சிறிது புல்லைக் கிள்ளி மேலே தூவினார்; தொலைவில் மர உச்சிகள் அசைவதைக் காட்டினார்; ஆட்டக்காரர் தலையசைத்து, எடுத்த மட்டையைத் திரும்பப் பையில் செருகிவிட்டு வேறொன்றை உருவினார். பத்தடி தூரத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் பார்த்தும் நான் அறியாமலே இருந்த பகுதி அது. பந்து பறக்கும் சில விநாடிகளைத்தான் ஒளிபரப்பு காட்டுகிறது; அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைக் காண்பதற்குத் திடலுக்குத்தான் போக வேண்டும்.

தமிழகத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே விடுமுறைக்கு வரும் உறவினர்களை நாம் பெரும்பாலும் அதே நான்கைந்து இடங்களுக்கே அழைத்துச் செல்கிறோம். அவர்களுடைய பயண நாள்களில் ஒரு பெரிய கோல்ஃப் போட்டி அமைந்துவிட்டால், ஒரு முழு நாளை அதற்கென ஒதுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. கோல்ஃப் ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நடக்கத் தெம்பும், அசையாமல் நிற்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில், எந்தப் போட்டி என்று தீர்மானியுங்கள்

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் நடக்கும் போட்டிகளில், முதன்முறை பார்ப்பவருக்கு நான் பரிந்துரைப்பது எச்எஸ்பிசி மகளிர் உலக வெற்றியாளர் போட்டியையே. 2008ஆம் ஆண்டு தானா மேரா கன்ட்ரி கிளப்பில் தொடங்கிய இப்போட்டி, 2013ஆம் ஆண்டிலிருந்து செந்தோசா கோல்ஃப் கிளப்பில் நடக்கிறது. முதல் ஆண்டு மெக்சிகோவின் லொரேனா ஒச்சோவா வென்றார். 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தென்கொரியாவின் கோ ஜின்-யங் வென்றார். 2025இல் நியூசிலாந்தின் லிடியா கோ வென்றார். உலகத் தரவரிசையின் முன்வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வந்து ஆடும் போட்டி இது. ஏறத்தாழ 60 முதல் 70 பேர் மட்டுமே ஆடுவதால் திடலில் நெரிசல் குறைவு. அத்துடன், பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ நடப்பதால், வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமான காலம் முடிந்து ஒப்பளவில் மழை குறைந்து காற்று வீசும் நாள்கள் அமைகின்றன.

ஆடவர் போட்டிகளுக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. 1961ஆம் ஆண்டு தொடங்கிய சிங்கப்பூர் பொது விருதுப் போட்டியை இந்திய வாசகர்கள் ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கலாம்: 2008ஆம் ஆண்டு செந்தோசாவின் செராபோங் திடலில் எர்னி எல்ஸ், பாட்ரிக் ஹாரிங்டன் ஆகிய இரு பெரும் ஆட்டக்காரர்களை ஒரே ஒரு மட்டையடி வித்தியாசத்தில் முந்தி இந்தியாவின் ஜீவ் மில்கா சிங் கோப்பையை வென்றார். ஆஸ்திரேலியாவின் ஆடம் ஸ்காட் இப்போட்டியை மூன்று முறை வென்றிருக்கிறார். அண்மைக் காலத்தில், 2023, 2024, 2025 ஆண்டுகளில் லிவ் கோல்ஃப் தொடரின் போட்டியொன்று செந்தோசாவில் நடந்தது; 2023, 2024 ஆண்டுகளில் டிபி வேர்ல்ட் டூர் தொடரின் போட்டியொன்று லகூனா நேஷனல் திடலில் நடந்தது.

போட்டிக்குப் போட்டி ஆட்டமுறை மாறும் என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எந்த நாள் போவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. வழக்கமான ஆடவர் போட்டிகளில் வியாழன், வெள்ளி ஆகிய இரு சுற்றுகளுக்குப் பிறகு பின்தங்கியவர்கள் கழிக்கப்படுவார்கள். எனவே நீங்கள் பார்க்க விரும்பும் ஆட்டக்காரரை வார இறுதியில் பார்க்க முடியாமலே போகலாம். மேற்சொன்ன மகளிர் போட்டியில் அத்தகைய கழிப்பு இல்லை. வந்தவர்கள் அனைவரும் நான்கு நாளும் ஆடுவார்கள். லிவ் போட்டியில் எல்லாரும் வெவ்வேறு குழிகளிலிருந்து ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். ஆகவே தாமதமாகப் போனால் ஒருவரைக்கூட முதல் குழியிலிருந்து பின்தொடர முடியாது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், பலரும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் வியாழன் அல்லது வெள்ளியையே சொல்வேன். கூட்டம் குறைவு, கட்டணமும் பொதுவாகக் குறைவு, எந்த ஆட்டக்காரரின் அருகிலும் நடக்க முடியும். இரண்டு நாள் கிடைத்தால், முதல் நாளாக வெள்ளியும், கோப்பை முடிவாகும் ஞாயிறும் சிறந்த இணை. முதல் நாளில் திடலின் அமைப்பு மனத்தில் பதிந்துவிடுவதால், இரண்டாம் நாளின் பரபரப்பில் எங்கே நிற்பது என்ற தடுமாற்றம் இருக்காது.

நுழைவுச்சீட்டும் தங்குமிடமும்

போட்டியின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் மட்டுமே நுழைவுச்சீட்டு வாங்குங்கள். முன்கூட்டியே வாங்குவோருக்குச் சலுகை விலை இருப்பது வழக்கம். குழந்தைகளுக்கும் மூத்தோருக்கும் தனிச்சலுகை இருக்கிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடுங்கள். பொது நுழைவுச்சீட்டே போதுமானது. குளிரூட்டப்பட்ட கூடாரத்தில் உணவோடு அமரும் உயர்விலைச் சீட்டுகளும் உண்டு. நடக்க இயலாத பெற்றோரை அழைத்து வருபவருக்கு அவை மெய்யாகவே பயன்படும், மற்றவருக்குத் தேவையில்லை.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா வட்டாரம் மிகவும் வசதியானது. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் ஆகிய இரு நிலையங்களும் வடகிழக்கு ரயில் தடத்தில் உள்ளன. அதே தடத்தின் தென்கோடி நிலையம்தான் செந்தோசாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹார்பர்ஃபிரண்ட். ரயில் மாறாமல் ஒரே வண்டியில் சென்றுவிடலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சிங்கப்பூர் வருகை அட்டையை வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் கட்டணமின்றி நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அதிலிருந்து விலகிவிடுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு விசாவும் தேவை என்பதை நினைவில் கொள்க.

ஆட்டத்தின் கணக்கை ஒரு மணி நேரத்தில் கற்கலாம்

ஒரு சுற்று என்பது 18 குழிகள். தொடக்க மேடையிலிருந்து பந்து விழ வேண்டிய துளை வரையுள்ள பாதை முழுவதையும் ‘குழி’ என்றே சொல்வார்கள். ஒவ்வொரு குழிக்கும் அதன் நீளத்தைப் பொறுத்து மூன்று, நான்கு அல்லது ஐந்து முறை பந்தை அடித்து முடிக்க வேண்டும் என ஓர் அளவு உண்டு. அதற்குப் ‘பார்’ என்று பெயர். அந்த அளவைவிட ஓரடி குறைவாக முடித்தால் ‘பேர்டி’, ஈரடி குறைவானால் ‘ஈகிள்’, ஓரடி கூடினால் ‘போகி’. மொத்தத்தில் குறைவாக அடித்தவரே முன்னணியில் இருப்பார். முன்னணிப் பலகையில் சிவப்பு நிறத்தில் உள்ள எண் பாருக்குக் கீழே எத்தனை என்பதைக் காட்டுகிறது. ரன் கூடக்கூட மகிழும் நமக்கு இது முதல் அரைமணி நேரம் தலைகீழாகத் தோன்றும், பிறகு பழகிவிடும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பை சிறியதாக இருக்கட்டும். பெரிய பைகளைப் பெரும்பாலான போட்டிகள் வாயிலிலேயே திருப்பி அனுப்புகின்றன. அகன்ற விளிம்புள்ள தொப்பி, வெயில்தடுப்புக் களிம்பு, மடக்குக் குடை, மெல்லிய மழையங்கி, வியர்வை துடைக்க ஒரு துண்டு, மீண்டும் நிரப்பிக்கொள்ளக்கூடிய காலித் தண்ணீர்ப் புட்டி, கைப்பேசிக்குக் கூடுதல் மின்கலம் ஆகியவை போதும். கேமராக்களைப் பயிற்சி நாள்களில் அனுமதித்து, போட்டி நாள்களில் மறுப்பது பல தொடர்களின் வழக்கம். உங்கள் போட்டியின் விதியைப் படித்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

காலணியில்தான் பலர் தவறுகிறார்கள். ஆட்டக்காரர் ஒருவரை முதல் குழியிலிருந்து கடைசிக் குழி வரை பின்தொடர்ந்தால், கயிற்றைச் சுற்றிச் செல்வதையும் சேர்த்து எட்டு முதல் பத்துக் கிலோமீட்டர் நடப்பீர்கள். அதுவும் ஏற்ற இறக்கமான, சில இடங்களில் ஈரமான புல்தரையில். செருப்பும் குதிகால் உயர்ந்த காலணியும் உதவாது. நன்கு பழகிய, தட்டையான அடிப்பாகமுள்ள காலணியே சரி. அதற்காகவே புதிதாக வாங்கி அன்று காலையில் முதன்முதலாக அணிந்து வராதீர்கள்.

மின்சிகரெட் வைத்திருப்பதே சிங்கப்பூரில் குற்றம். பயன்படுத்துபவர்கள் அதை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

திடலுக்குச் செல்லும் நாள்

முதல் நாள் இரவே மறுநாளுக்கான தொடக்க நேரப் பட்டியலைப் பாருங்கள். யார் யாருடன், எத்தனை மணிக்கு, எந்தக் குழியிலிருந்து தொடங்குகிறார்கள் என்பது அதில் இருக்கும். நீங்கள் பார்க்க விரும்பும் இருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் காலையில் தொடங்குபவராகவும் மற்றவர் பிற்பகலில் தொடங்குபவராகவும் இருந்தால் நல்லது. உள்ளூர் உணர்வோடு பார்க்க விரும்புவோர் ஷேனன் டானின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடி, சிங்கப்பூரின் சார்பில் ஒலிம்பிக் கோல்ஃபில் பங்கேற்ற முதல் வீராங்கனை என்ற பெயரைப் பெற்றவர் அவர். அவர் தொடக்க மேடைக்கு வரும்போது எழும் கைதட்டலின் ஒலி மற்றவர்களுக்கு எழுவதைவிட வேறாக இருக்கும்.

காலை உணவை லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையின் உணவங்காடியிலோ, சிராங்கூன் சாலையில் 1947ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் கோமளவிலாஸிலோ முடித்துவிடுங்கள். வெளியுணவைத் திடலுக்குள் பொதுவாக விடமாட்டார்கள். உள்ளே விற்கும் உணவில் சைவத்துக்கான தேர்வு குறைவு, விலையும் கூடுதல். முழு நாளும் நடக்கப் போகிறவர் வயிற்றை நம்பித்தான் நடக்க வேண்டும்.

ரயிலில் தனிப் பயண அட்டை வாங்க வேண்டிய அவசியமில்லை. தொடாமல் கட்டணம் செலுத்தும் வங்கி அட்டையை வாயிலில் காட்டினாலே போதும். ஹார்பர்ஃபிரண்டில் இறங்கியதும், போட்டி ஏற்பாட்டாளர்கள் வழக்கமாக விடும் இணைப்புப் பேருந்துகளுக்கான வழிகாட்டிப் பலகைகளைத் தேடுங்கள். இல்லையெனில் அங்குள்ள விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா விரைவு ரயிலில் தீவுக்குள் செல்லலாம். அல்லது கடற்பாலத்தின் நடைபாதையில் நடந்தே செல்லலாம். டாக்சியில் வருவது மிச்சம்போலத் தோன்றினாலும், தீவின் வாயிலில் வண்டிகள் வரிசைகட்டும் நாள்கள் அவை. சொந்த வாகனத்துக்குத் திடலருகே நிறுத்துமிடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

நுழைந்ததும் முதல் குழியை நோக்கி ஓட வேண்டாம். பயிற்சித் திடலுக்குப் போங்கள். ஓர் ஆட்டக்காரர் தம் தொடக்க நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பே அங்கு வந்து, சிறிய மட்டைகளில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிய மட்டைகளுக்குச் செல்வார். பத்துப் பதினைந்து பேர் ஒரே வரிசையில் நின்று அடிப்பதால், ஒருவருடைய வீச்சின் வேகத்தையும் மற்றவருடைய நிதானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரே இடம் இதுதான். பந்தை அடிக்கும் ஒலியைக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் மையத்தில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்பது சிறிது நேரத்தில் உங்களுக்கே புரியத் தொடங்கும்.

அதன்பின் உங்கள் ஆட்டக்காரரை ஒன்பது குழிகளுக்காவது தொடர்ந்து செல்லுங்கள். அவர் அடித்த பிறகு அவரோடு நடப்பது புதியவர்கள் செய்யும் பிழை. நீங்கள் கூட்டத்தின் பின்வரிசையிலேயே நிற்க நேரிடும். அவர் தொடக்க மேடையில் இருக்கும்போது நீங்கள் அந்தக் குழியின் பாதித் தொலைவில், பந்து விழக்கூடிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். அவர் அங்கு வந்து இரண்டாவது அடியை அடிக்கும்போது பத்தடியில் இருப்பீர்கள். அது பறந்ததும் உடனே நடந்து குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரைக்கு, அதாவது கிரீனுக்கு, அவருக்கு முன்பாகச் சென்றுவிடலாம். எப்போதும் அரைக் குழி முன்னே இருப்பதுதான் இதன் சூட்சுமம்.

அருகில் நிற்கும்போது பந்தைவிட மனிதரைப் பாருங்கள். குழியிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பவரே முதலில் அடிக்க வேண்டும் என்பதால், மற்றவர்கள் காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பது தெரியும்: ஒருவர் தூர அளவுகள் குறித்த சிறு புத்தகத்தைப் புரட்டுவார், ஒருவர் வாழைப்பழம் உண்பார், ஒருவர் கையுறையை மாற்றுவார். நம்மூர்ப் புழுக்கத்தில் கையுறை விரைவில் நனைந்துவிடுவதால், சிலர் சில குழிகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பதை இங்கே காணலாம். தவறான அடி ஒன்றுக்குப் பிறகு ஐம்பது அடி நடப்பதற்குள் முகத்தைச் சீராக்கிக்கொள்பவர்களையும், மூன்று குழிகள் வரை அதைச் சுமந்து செல்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். முன்னணிப் பலகை இதை ஒருபோதும் சொல்லாது.

நடந்து களைத்த பிறகு, பிற்பகலில் பார் மூன்றாக உள்ள குழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே அமருங்கள். தொடக்க மேடை, பந்து பறக்கும் பாதை, குழி ஆகிய மூன்றையும் ஓரிடத்திலிருந்து காணலாம். குழுவுக்குப் பின் குழுவாக எல்லா ஆட்டக்காரர்களும் உங்களைத் தேடி வருவார்கள். ஒரே தூரத்துக்கு ஒவ்வொருவரும் எந்த மட்டையை எடுக்கிறார்கள், காற்று மாறியதும் பின்னால் வந்த குழு எப்படித் திருத்திக்கொள்கிறது என்பதை ஒப்பிடத் தொடங்கினால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. செராபோங் திடலில் நடக்கும் போட்டியானால், நீரிணையையும் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளையும் பின்னணியாகக் கொண்ட குழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்; காற்று அங்கேதான் அதிகம் விளையாடும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால், கடைசிக் குழியின் பார்வையாளர் மேடையில் இடம்பிடிப்பதற்குக் கடைசிக் குழு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். 2014ஆம் ஆண்டு மகளிர் போட்டியில் சமநிலை முறிக்கும் ஆட்டத்தின் இரண்டாவது குழியில் அமெரிக்காவின் பாலா கிரீமர் ஏறத்தாழ 75 அடித் தூரத்திலிருந்து பந்தை உருட்டி ஈகிள் பெற்று வென்றார். 2018இல் மிஷெல் வீ 18ஆம் குழியில் கிரீனுக்கு வெளியிலிருந்தே உருட்டிய பந்து குழிக்குள் விழுந்தது. அத்தகைய கணத்தில் அந்த மேடையில் இருப்பதற்கு இரண்டு மணி நேர வெயில் அதிகம் இல்லை.

அமைதியும் அசையாமையும்

என் சித்தப்பா திருச்சியிலிருந்து வந்திருந்தபோது அவரை ஒரு போட்டிக்கு அழைத்துச் சென்றேன். முதல் குழியிலேயே அவர் கேட்ட கேள்வி, “எப்பப்பா கை தட்டணும்?” என்பதுதான். அதைத் தெரிந்துகொண்டால் பாதி ஒழுங்கு தெரிந்ததுபோலத்தான். ஆட்டக்காரர் பந்தருகே நிலைகொண்டதும் பேச்சு, நடை, கையசைப்பு அனைத்தும் நின்றுவிட வேண்டும். பந்து மட்டையை விட்டுப் புறப்பட்ட பிறகே கைதட்டலாம். அவருடைய கண்பார்வையின் நேர்க்கோட்டில், அதாவது பந்துக்கும் குழிக்கும் பின்னால், அசைவது பேசுவதைவிட அதிகம் இடையூறு தரும். ஒருவர் கடைசி அடியை முடித்துவிட்டார் என்பதற்காக அடுத்த குழிக்குக் கிளம்பிவிடாதீர்கள். அதே குழுவில் இன்னொருவர் இன்னும் ஆட வேண்டியிருக்கலாம், அவருக்கும் அதே அமைதி உரியது.

கைப்பேசியை அதிர்வொலியும் இல்லாத நிலையில் வையுங்கள். கயிற்றைத் தாண்டாதீர்கள், குறுக்கே கடப்பதற்கென விடப்பட்ட இடங்களில் தொண்டூழியர்கள் கயிற்றை இறக்கும்போது மட்டும் விரைந்து கடந்துவிடுங்கள், ஓட வேண்டாம். வெயிலில் நாள் முழுவதும் பலகையை உயர்த்தி நிற்கும் அந்தத் தொண்டூழியர்களிடம் ஒரு நன்றி சொல்லிவிட்டுச் செல்வது நல்லது. குழந்தைகளை மணல்குழிகளில் இறங்கவும் பந்தைத் தொடவும் விடாதீர்கள். ஆட்டத்தில் இருக்கும் பந்தை எடுத்தால், அதை முன்பிருந்த இடத்தில் திரும்ப வைப்பதற்கு நடுவரை அழைக்க வேண்டிய நிலை வரும்.

தொலைவிலிருந்து “ஃபோர்!” என்று யாராவது கத்தினால், பந்து கூட்டத்தை நோக்கி வருகிறது என்று பொருள்; அப்போது பந்து எங்கே என்று நிமிர்ந்து பார்க்கவே கூடாது. தலையைத் தாழ்த்தி இரு கைகளாலும் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒருமுறை இதைச் செய்துகாட்டி அழைத்து வாருங்கள்.

இடி மின்னலைப் பொருட்படுத்துங்கள்

சிங்கப்பூரில் மழையைவிட மின்னலே கோல்ஃப் போட்டிகளை அதிகம் நிறுத்துகிறது. ஒரே நீண்ட சங்கொலி எழுந்தால், ஆபத்து காரணமாக ஆட்டம் உடனே நிறுத்தப்படுகிறது என்று பொருள். மூன்று குறுகிய ஒலிகள் வழக்கமான நிறுத்தத்தையும், இரண்டு குறுகிய ஒலிகள் ஆட்டம் மீண்டும் தொடங்குவதையும் குறிக்கும். நீண்ட ஒலி கேட்டதும், வானம் நீலமாக இருந்தாலும், கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோ சென்றுவிடுங்கள். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, திறந்தவெளியில் குடை பிடிக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அட்லான்டாவில் நடந்த டூர் சாம்பியன்ஷிப் போட்டியின்போது மரமொன்றில் மின்னல் தாக்கி, அதனருகே இருந்த பார்வையாளர்கள் ஆறு பேர் காயமடைந்தார்கள். காலையில் நுழைந்தவுடன் மிக அருகில் உள்ள கட்டடம் எது என்று பார்த்துவைப்பது ஒரு நிமிட வேலை. நிறுத்தம் இரண்டு மணி நேரம் நீளலாம் என்பதால், அன்று மாலைக்கு வேறு நிகழ்ச்சி எதற்கும் சீட்டு வாங்கிவைக்காதீர்கள்.

வெப்பமும் எளிதன்று. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மூன்று குழிகளுக்கு ஒருமுறை தண்ணீர் குடியுங்கள். தலைசுற்றலோ, குளிர்ந்த வியர்வையோ தோன்றினால் அருகிலுள்ள தொண்டூழியரிடம் உடனே சொல்லி, முதலுதவிக் கூடாரத்துக்குச் செல்லுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு

கையெழுத்து வேண்டுவோர் ஆட்டத்தின் நடுவில் கேட்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் கடைசிக் குழிக்குப் பிறகு, தம் கணக்கட்டையைச் சரிபார்த்து ஒப்படைக்கும் கூடத்துக்குச் செல்வார்கள். அங்கிருந்து வெளியே வரும் வழிதான் உரிய இடம். தொப்பியையும் தடித்த மை எழுதுகோலையும் தயாராக நீட்டி, பெயரைச் சொல்லி அழைத்து, ஒருமுறை கேளுங்கள். மோசமாக ஆடியவர் தலைகுனிந்து கடந்துபோனால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளை முன்னால் நிற்க வையுங்கள். பலர் பிள்ளைகளுக்காக நிற்பார்கள், சிலர் தாம் ஆடிய பந்தையே கொடுத்துவிட்டுச் செல்வதும் உண்டு.

கடைசிப் பந்து விழுந்ததும் மொத்தக் கூட்டமும் இணைப்புப் பேருந்துக்கு விரையும். நீங்கள் விரைய வேண்டாம். பரிசளிப்பைப் பார்த்துவிட்டு, பயிற்சித் திடலை இன்னொருமுறை எட்டிப் பாருங்கள். அன்று சரியாக ஆடாத ஒருவர், வெயில் தாழ்ந்த அந்த நேரத்தில், தம் உதவியாளரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார். கயிற்றோரம் அப்போது இடம் தாராளமாக இருக்கும். வரிசை குறைந்ததும் பேருந்தேறி ஹார்பர்ஃபிரண்டுக்கு வந்தால், இரவு உணவு நேரத்துக்குள் லிட்டில் இந்தியாவுக்குத் திரும்பிவிடலாம்.